தாத்தாவுக்கு அடங்கிய வலிப்பு 2 நாள் பிள்ளைக்கு ஏன் அடங்கவில்லை?

பீலிக்கரை (மஸ்கெலியா பக்கம்)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கச்சிக்குப் போன மாதம் ஆண் பிள்ளை பிறந்தது. நிறைமாதம்தான். ஆனால் வலி எடுத்து வெகுநேரம் இழுத்தடித்து, பிள்ளை பிறந்தவுடன் அழவில்லை. மறுநாள் காலையில் அவனுக்கு வலிப்பு. அது வலிப்பு என்றே எங்களுக்குத் தெரியாது. கை கால் வெட்டி இழுக்கவில்லை, நுரை தள்ளவில்லை. கண் இரண்டும் ஒரு பக்கமாகவே போய் நின்றது, வாய் சப்புக்கொட்டியது, கால்கள் சைக்கிள் மிதிப்பது போல மெதுவாக ஓடின. "பாலுக்குத் தவிக்கிறான்" என்றுதான் அம்மா சொன்னார். பக்கத்துக் கட்டிலுக்கு மருந்து கொடுக்க வந்த தாதி பார்த்துவிட்டு ஓடிப்போய் டொக்டரைக் கூட்டி வந்தார்.

ஃபீனோபார்பிட்டோன் என்ற வலிப்பு மருந்தை ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு டோஸ். கால் ஓட்டம் நின்றுவிட்டது. எங்களுக்கு உயிர் வந்தது. அப்புறம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி தலையில் வயர் ஒட்டி ஈஈஜி எடுத்தபோது, "உடம்பில் நின்றுவிட்டது, மூளையில் இன்னும் ஓடுகிறது" என்றார்கள்.

எங்கள் தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு வலிப்பு உண்டு. போன வருடம் வாசல் படியில் விழுந்து இழுத்தபோது ஒரே ஒரு டயசிபாம் ஊசி, சில நிமிடத்தில் அடங்கித் தூங்கிவிட்டார். இரண்டு மருந்தும் மூளையில் ஒரே இடத்தில்தான் வேலை செய்யும் என்று டொக்டர் சொன்னார். அப்படியென்றால் 70 வயது மூளையில் பிடித்த மருந்து 2 நாள் மூளையில் ஏன் பிடிக்கவில்லை?

வீட்டில் வேறு பதில் தயாராக இருக்கிறது. மச்சானின் அம்மா, தங்கச்சி அந்தி நேரத்தில் தண்ணீர் எடுக்கும் பீலிக்குப் போனதால் முனி பிடித்தது என்கிறார். தங்கச்சி அழுதுகொண்டே இருக்கிறாள். எனக்கு அவளிடம் சொல்ல ஒரு உண்மையான பதில் வேண்டும்.

பதுளை அக்கா

தம்பி, நான் குறைமாதப் பிள்ளைகள் வார்டில் பல வருடம் வேலை செய்தவள். முதலில் தங்கச்சியிடம் சொல்லுங்கள்: பீலிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பிறந்த பிள்ளைக்கு வலிப்பு வர முதல் காரணம் பிறக்கும் நேரத்தில் மூளைக்கு ஒட்சிசன் குறைவது. நீங்கள் சொன்ன கதை அப்படியே அதுதான். பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு நாளுக்குள் தெரியும். அதோடு இரத்தத்தில் சீனி குறைவு, கல்சியம் குறைவு, மூளைக் காய்ச்சல், மூளையில் இரத்தக் கசிவு எல்லாம் பார்ப்பார்கள். அரிதாக விற்றமின் பி6 ஏற்றினால்தான் நிற்கும் வலிப்பும் உண்டு. மூளையை அடக்கும் காபா என்ற இரசாயனத்தைச் செய்கிற நொதியத்துக்கு அந்த விற்றமின் வேண்டும்.

நீங்கள் பார்த்த சப்புக்கொட்டலும் சைக்கிள் மிதிப்பும்தான் இந்த வயது வலிப்பின் முகம். பெரியவர்கள் போல முழு உடம்பும் சேர்ந்து இழுக்கிற அளவுக்கு இந்த மூளையில் வயரிங் முடியவில்லை. வெறும் நடுக்கமா வலிப்பா என்று பார்க்க நாங்கள் அந்தக் கையை மெதுவாகப் பிடித்துப் பார்ப்போம். நடுக்கம் என்றால் பிடித்தவுடன் நிற்கும். வலிப்பு என்றால் கைக்குள்ளேயே துடித்துக்கொண்டிருக்கும். அந்தத் துடிப்பு உள்ளங்கையில் தெரிவதை ஒருமுறை உணர்ந்தால் மறக்காது.

மருந்து ஏன் பிடிக்கவில்லை என்பதை என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் இங்கே இருக்கிறார். தலவாக்கலைத் தம்பி, வாங்கோ.

தலவாக்கலைத் தம்பி

அக்கா கூப்பிட்டுவிட்டார், வராமல் இருக்க முடியாது. நான் உடற்றொழிலியல் படிக்கிறவன், பிள்ளையைப் பார்க்கும் டொக்டர் இல்லை. அதை மனதில் வைத்து வாசியுங்கள்.

அண்ணே, உங்கள் பெயரிலேயே விடை இருக்கிறது. பீலியை நினையுங்கள். மேலே ஒரு தாங்கி, கீழே ஒரு தாங்கி, நடுவில் வால்வு. வால்வைத் திறந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும்? வால்வு அதைத் தீர்மானிப்பதில்லை. எந்தத் தாங்கி உயரத்தில் இருக்கிறதோ அது தீர்மானிக்கிறது. சின்னப் பிள்ளையின் நரம்புக்கலத்தில் தாங்கிகள் இடம் மாறி இருக்கின்றன. வால்வு அதே வால்வு.

இனி விவரமாக. மூளையில் 'அடங்கு' என்று சொல்கிற முக்கியமான இரசாயனம் காபா. அது கலத்தின் மென்சவ்வில் இருக்கும் காபா-ஏ வாங்கியில் போய் ஒட்டுகிறது. அந்த வாங்கி ஐந்து துண்டுப் புரதம் வட்டமாக நின்று செய்த ஒரு கதவு. காபா ஒட்டியதும் கதவு திறக்கும், அதன் வழியே குளோரைட்டு அயன் போகும். குளோரைட்டு எதிர்மின் ஏற்றம் கொண்டது. வளர்ந்த கலத்துக்குள் குளோரைட்டு மிகக் குறைவு. ஆகவே கதவு திறந்தால் வெளியிலிருந்து உள்ளே பாயும், உள்பக்கம் இன்னும் எதிர்மின்னாகும், கலம் வாயை மூடிக்கொள்ளும். டயசிபாமும் ஃபீனோபார்பிட்டோனும் இதே கதவில்தான் ஒட்டுகின்றன. டயசிபாம் கதவை அடிக்கடி திறக்க வைக்கும், ஃபீனோபார்பிட்டோன் திறந்த கதவை அதிக நேரம் திறந்து வைக்கும். தாத்தாவுக்கு நடந்தது இதுதான்.

கலத்துக்குள் குளோரைட்டு குறைவாக இருப்பது தானாக நடப்பதில்லை. கேசிசி2 என்ற பம்பு அதை ஓயாமல் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. என்கேசிசி1 என்று இன்னொரு பம்பு இருக்கிறது, அது குளோரைட்டை உள்ளே இழுக்கும். பிறந்த பிள்ளையின் மூளையில், அதிலும் அதன் மேற்பகுதியான புறணியில், உள்ளே இழுக்கும் பம்பு பலமாக இருக்கிறது. வெளியே தள்ளும் பம்பு இன்னும் சரியாகப் பொருத்தி முடியவில்லை. அதனால் கலத்துக்குள் குளோரைட்டு தேங்கி நிற்கிறது. அந்த நேரத்தில் காபா வந்து கதவைத் திறந்தால் குளோரைட்டு வெளியே ஓடுகிறது. எதிர்மின் வெளியே போனால் உள்பக்கம் நேர்மின் பக்கம் நகரும். அடக்க வேண்டிய சமிக்ஞை கலத்தைத் தட்டி எழுப்புகிறது.

இதை முதலில் தெளிவாகக் காட்டியவர்கள் பாரிசில் யெஹெஸ்கெல் பென்-அரியும் அவரோடு வேலை செய்தவர்களும். 1989இல், பிறந்து சில நாளே ஆன எலிகளின் மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் காபாவே பெரிய பெரிய மின் அலைகளைக் கிளப்புவதைப் பதிவு செய்தார்கள். ஏன் அப்படி என்பதற்குப் பத்து வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1999இல் பின்லாந்தில் கை கைலாவின் குழு, கேசிசி2 பம்பு வருவதுதான் காபாவை அடக்கும் பக்கத்துக்குத் திருப்புகிறது என்று காட்டியது. 2005இல் இன்னொரு குழு, என்கேசிசி1 இளம் மூளையில் வலிப்புக்குத் துணை போகிறது என்றும் ஃபீனோபார்பிட்டோன் அங்கே சரியாக எடுபடாததற்கு இதுவும் காரணம் என்றும் எழுதியது.

உடம்பில் நின்று மூளையில் ஓடியது ஏன்? எல்லா இடத்திலும் ஒரே நாளில் பம்பு மாறுவதில்லை. அடியில் இருக்கும் மூளைத்தண்டு, தலமஸ் போன்றவை முதலில் முதிர்கின்றன, மேலே இருக்கும் புறணி பிந்துகிறது. மருந்து முதிர்ந்த பகுதியை அடக்கிவிடுகிறது, அதனால் கால் ஓட்டம் நிற்கிறது. புறணி மட்டும் உள்ளே எரிந்துகொண்டிருக்கிறது. விலங்குகளின் மூளைத் துண்டுகளில் இந்த வேறுபாட்டை அளந்திருக்கிறார்கள். அதனால்தான் கண்ணால் பார்த்தது போதாது என்று உங்கள் பிள்ளைக்கு ஈஈஜி எடுத்தார்கள். நல்ல காரியம் செய்திருக்கிறார்கள்.

உயர்தரம்_உயிரியல்

அண்ணா, நான் இந்த வருடம் உயர்தரம் எழுதுகிறேன். எங்கள் புத்தகத்தில் 'வாங்கி' என்றுதான் இருக்கிறது, இந்தியப் புத்தகத்தில் 'ஏற்பி' என்று வாசித்தேன். இரண்டும் ஒன்றுதானே? அப்புறம் ஒரு சந்தேகம். காபா எழுப்புகிறது என்றால் எல்லாப் பிள்ளைக்கும் பிறந்தவுடன் வலிப்பு வர வேண்டுமே. ஏன் வருவதில்லை? இயற்கை ஏன் இப்படிச் செய்து வைத்திருக்கிறது?

தலவாக்கலைத் தம்பி

இரண்டும் ஒன்றுதான் தம்பி. பரீட்சையில் வாங்கி என்றே எழுதுங்கள்.

கேள்வி மிக நல்ல கேள்வி. இளம் மூளைக்கு அந்த எழுப்புதல் வேண்டும். கலம் கொஞ்சம் எழும்பும்போது கல்சியம் உள்ளே வருகிறது. அந்தக் கல்சியம்தான் கலத்துக்கு "கிளை விடு, பக்கத்துக் கலத்தோடு இணை" என்று சொல்லும் கட்டளை. எழுப்பும் இரசாயனமான குளுட்டமேற்றின் இணைப்புகள் உருவாகும் முன்பே காபா இணைப்புகள் உருவாகிவிடுகின்றன. முதலில் வந்த தொழிலாளி எல்லா வேலையும் செய்வது போல, ஆரம்பத்தில் எழுப்பும் வேலையையும் காபாவே செய்கிறது.

வலிப்பு ஏன் எல்லோருக்கும் வருவதில்லை என்றால், காபா எழுப்புவதற்கும் ஒரு எல்லை உண்டு. குளோரைட்டுக் கதவு திறந்து கிடக்கும்போது கலம் ஓட்டைப் பானை மாதிரி. வேறு பக்கத்திலிருந்து வரும் எழுப்பும் மின்னோட்டமும் அந்த ஓட்டையால் கசிந்துவிடும். ஆகவே இளம் மூளையில் காபா ஒரே நேரத்தில் கொஞ்சம் எழுப்பியும் கொஞ்சம் தடுத்தும் வைக்கிறது. உயிருள்ள எலிக்குட்டிகளின் புறணியில் அளந்தவர்கள் தடுப்பதையும் பார்த்திருக்கிறார்கள். இது இன்னும் விவாதம் முடியாத இடம். சாதாரண நாளில் தராசு நிற்கும். ஒட்சிசன் குறைந்தால், சீனி குறைந்தால் தராசு சரியும்.

தராசின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எழுப்பும் பக்கம் குளுட்டமேற். அதற்கு முக்கியமாக இரண்டு வாங்கி: என்எம்டிஏ, ஆம்பா. வளர்ந்த மூளையில் என்எம்டிஏ வாங்கியின் வாயில் ஒரு மக்னீசியம் அயன் தக்கை போல அடைத்துக்கொண்டிருக்கும், கலம் நன்றாக எழும்பினால்தான் விலகும். இளம் மூளையில் அந்த வாங்கி வேறு துண்டுகளால் ஆனது. 2பி என்ற துண்டு கூடுதலாக இருப்பதால் ஒருமுறை திறந்தால் நெடுநேரம் திறந்தே கிடக்கும். 2டி, 3ஏ என்ற துண்டுகள் இருக்கும் இடத்தில் மக்னீசியத் தக்கை இறுகப் பிடிக்காது. ஆம்பா வாங்கியிலோ கல்சியத்தைத் தடுக்கும் ஜிஎல்யூஏ2 என்ற துண்டு குறைவு. அதனால் சோடியத்தோடு கல்சியமும் உள்ளே புகும். இவ்வளவும் பிள்ளை வேகமாகக் கற்றுக்கொள்வதற்காகக் கட்டி வைத்த ஏற்பாடு. அதே ஏற்பாடுதான் வலிப்புக்கும் வழி விடுகிறது.

காபா-ஏ கதவிலும் வயது வித்தியாசம் உண்டு. ஐந்து துண்டில் ஆல்பா என்ற துண்டுக்குப் பல வகை. வளர்ந்த மூளையில் ஆல்பா1 அதிகம், பிறந்த மூளையில் அது குறைவு, ஆல்பா2, ஆல்பா3 அதிகம். டயசிபாம் ஒட்டுவது ஆல்பாவும் காமாவும் சந்திக்கும் இடுக்கில். ஆகவே கதவின் துண்டு மாறினால் மருந்து பிடிக்கும் விதமும் மாறும்.

ஹப்புத்தளைக் காற்று

இதை வாசித்தபின் எனக்குப் பயமாக இருக்கிறது. காபா கதவைத் திறப்பது பிள்ளைக்கு எதிராக வேலை செய்கிறது என்றால் ஃபீனோபார்பிட்டோன் கொடுப்பது எரிகிற நெருப்பில் மண்ணெண்ணெய் ஊற்றுவது தானே? பீலிக்கரை அண்ணன் அந்த மருந்தை நிறுத்தச் சொல்ல வேண்டாமா? உள்ளே இழுக்கும் பம்பை அடைக்க மாத்திரை இருக்கிறது, அதைக் கேட்கலாமே.

தலவாக்கலைத் தம்பி

வேண்டாம். தயவுசெய்து யாரும் இதை வாசித்துவிட்டு மருந்தை நிறுத்தாதீர்கள். அடித்துச் சொல்கிறேன்.

எலியின் மூளைத் துண்டில் கண்டதை அப்படியே மனிதப் பிள்ளைக்கு எடுத்து வர முடியாது. எலிக்குட்டி பிறக்கும்போது அதன் மூளை நம் குறைமாதப் பிள்ளையின் மூளையைவிடவும் பச்சையாக இருக்கும். நிறைமாதப் பிள்ளையோடு ஒப்பிட அந்த எலிக்குட்டிக்கு ஒரு வாரம், பத்து நாளாவது ஆக வேண்டும். மனிதனில் பம்பு மாற்றம் கர்ப்பத்தின் பிற்பகுதியில் தொடங்கிப் பிறந்த பின்னும் தொடர்கிறது. ஆகவே நிறைமாதப் பிள்ளையின் மூளை பாதி வழியில் நிற்கிறது. பாதிக் கதவு இந்தப் பக்கம், பாதிக் கதவு அந்தப் பக்கம்.

எண்ணைப் பாருங்கள். 1999இல் ஃபீனோபார்பிட்டோனையும் ஃபெனிற்றோயினையும் பிறந்த பிள்ளைகளில் ஒப்பிட்டார்கள். முதலாவதில் 43 வீதம், இரண்டாவதில் 45 வீதம் பிள்ளைகளுக்கு வலிப்பு அடங்கியது. பாதிக்கும் குறைவு, ஆனால் பூச்சியம் இல்லை. 2020இல் வெளிவந்த ஆய்வில், ஃபீனோபார்பிட்டோன் பெற்ற பிள்ளைகளில் 80 வீதத்தினருக்கு 24 மணிநேரம் வலிப்பு இல்லாமல் இருந்தது. புதிய மருந்தான லெவற்றிராசெற்றம் பெற்றவர்களில் 28 வீதம்தான். அதனால்தான் 2023இல் வந்த சர்வதேச வழிகாட்டலும் ஃபீனோபார்பிட்டோனையே முதல் மருந்தாக வைத்திருக்கிறது.

பம்பை அடைக்கும் மாத்திரை பற்றி: பியூமெற்றனைட். நீர் பிரியக் கொடுக்கும் பழைய மருந்துதான், என்கேசிசி1ஐ அடைக்கும். எலியில் அழகாக வேலை செய்தது. ஐரோப்பாவில் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனையை 14 பிள்ளைகளோடு நிறுத்திவிட்டார்கள், முடிவு 2015இல் வெளிவந்தது. வலிப்பு எதிர்பார்த்தபடி அடங்கவில்லை. உயிர் பிழைத்த 11 பேரில் 3 பேருக்குக் கேட்கும் திறன் பாதித்திருந்தது. உள்காதிலும் அந்தப் பம்பு இருக்கிறது. பொறிமுறை விளங்கிவிட்டது என்பதற்காக மருந்து கிடைத்துவிட்டது என்று ஆகாது. இந்தப் பாடத்தை நான் படித்தபோது அந்த 3 பிள்ளைகளை நினைத்து ஒரு நாள் முழுக்க மனசு சரியில்லை.

கவ்வாத்து ஐயா

நான் படிப்பு அதிகம் இல்லாதவன், பேத்திதான் இதைத் தட்டித் தருகிறாள். 40 வருடம் தோட்டத்தில் இருந்தேன். எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) ஒரு பிள்ளைக்குக் காய்ச்சலில் இழுத்தபோது நான் தேயிலைச் செடியின் கிளை வெட்டும் கவ்வாத்துக் கத்தியைக் கொண்டுவந்து அதன் கையில் வைத்து மூடினேன். இரும்பு பிடித்தால் நிற்கும் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. சாவிக்கொத்து கைக்கு எட்டவில்லை, கத்திதான் எட்டியது. பிள்ளையின் உள்ளங்கை கிழிந்து இரத்தம். வலிப்பு தானாக நின்றது, இரும்பால் நின்றது என்று நானே ஊரெல்லாம் சொன்னேன். அந்தப் பிள்ளை இன்று கொழும்பில் வேலை பார்க்கிறான், கையில் தழும்பு இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அந்த இரவு கொழுந்து லொறியில் வைத்து டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனோம். மழை, ரோட்டில் மண் சரிந்து கிடந்தது, இறங்கித் தூக்கிக்கொண்டு நடந்தோம்.

இளம் பிள்ளைகளே, யாரும் அப்படிச் செய்யாதீர்கள்.

பதுளை அக்கா

ஐயா, உங்கள் மேல் குற்றம் இல்லை. அன்றைக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இப்போது சொல்கிறேன், எல்லோரும் வீட்டில் சொல்லுங்கள். பிள்ளையை ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள், எச்சிலோ வாந்தியோ தானாக வடியட்டும். கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள். வாய்க்குள் கரண்டி, விரல், தண்ணீர், மருந்து எதுவும் வேண்டாம். இழுக்கும் கையை அமுக்கிப் பிடிக்காதீர்கள். இரும்பும் வெங்காயமும் வேண்டாம். மணிக்கூட்டைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள், காசு கட்டத் தேவையில்லை. முதல் வலிப்பு என்றாலோ, ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றாலோ 5 நிமிடம் வரை காத்திருக்காமல் கூப்பிடுங்கள்.

ஏன் 5 நிமிடம் என்று ஒரு தாய் என்னிடம் வார்டில் கேட்டாள். எனக்கு அன்று தெரியவில்லை, பிறகுதான் படித்தேன். வலிப்பு நீள நீள காபா-ஏ வாங்கிகள் கலத்தின் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுக்கப்பட்டுவிடுகின்றன. கதவே இல்லாத சுவரில் சாவியை வைத்து என்ன செய்ய? அதே நேரம் என்எம்டிஏ வாங்கிகள் மேற்பரப்புக்கு வருகின்றன. அதனால்தான் 5ஆவது நிமிடத்தில் வலிப்பை அடக்கும் டயசிபாம் 40ஆவது நிமிடத்தில் அடக்காமல் போகிறது. கடைசி லயத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு வரவே நமக்கு அரைமணி நேரம். நம் பக்கத்தில் ஒவ்வொரு நிமிடமும் டவுனில் இருப்பவர்களுக்கு ஆவதைவிடப் பெரியது. டொக்டர் எழுதிக் கொடுத்தால் ஆசனவாய் வழியாகக் கொடுக்கும் டயசிபாமை வீட்டில் வைத்திருக்கலாம். அடிக்கடி நீண்ட வலிப்பு வரும் பிள்ளை இருக்கும் வீடுகள் கிளினிக்கில் கட்டாயம் கேட்டுப் பாருங்கள்.

ராகலை அம்மா

என் மகளுக்கு ஒன்றரை வயதில் காய்ச்சலோடு வந்தது, மூன்று வயதில் திரும்ப வந்தது. இப்போது ஏழு வயது, வரவில்லை. டொக்டர் "வளர்ந்தால் போய்விடும்" என்று மட்டும் சொன்னார். பம்பு பிறந்த கொஞ்ச நாளில் மாறிவிடும் என்றால் ஒன்றரை வயதில் ஏன் வந்தது? நான் பனடோல் நேரத்துக்குக் கொடுக்காததால்தான் வந்தது என்று இன்றுவரை மனதில் ஒரு முள்.

தலவாக்கலைத் தம்பி

அக்கா, அந்த முள்ளை எடுத்துப் போடுங்கள். காய்ச்சல் மருந்து பிள்ளைக்கு இதமாக இருக்கும், ஆனால் நேரம் தவறாமல் கொடுத்தாலும் காய்ச்சல் வலிப்பு வருவதை அது தடுப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை. 100 பிள்ளைகளில் 2 முதல் 5 பேருக்கு வருவது இது. 6 மாதத்துக்கும் 5 வயதுக்கும் நடுவில்தான் வரும், ஒன்றரை வயதுப் பக்கம் அதிகம். ஒருமுறை வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத் திரும்ப வரும்.

நீங்கள் கேட்டது சரி, இந்த வயதில் குளோரைட்டுக் கதை பெரும்பாலும் முடிந்துவிட்டது. ஆனால் முதிர்ச்சி என்பது ஒரு பம்போடு முடிகிற காரியம் இல்லை. இந்த வயதில் குளுட்டமேற் இணைப்புகள் தேவைக்கு அதிகமாக முளைத்துக் கிடக்கின்றன, பிறகுதான் மூளை கவ்வாத்து வெட்டும். அடக்கும் நரம்புக்கலங்களில் வேலை செய்யும் என்ஏவி1.1 என்ற சோடியக் கதவு பிறந்த பிறகுதான் மெதுவாகக் கூடுகிறது. அதில் பெரிய பிழை இருக்கும் பிள்ளைகளுக்குக் காய்ச்சலோடு கடும் வலிப்பு முதல் வருடத்திலேயே தொடங்கும். சில குடும்பங்களில் காபா-ஏ வாங்கியின் காமா2 துண்டில் பிழை இருக்கிறது. அப்படிப் பிழையான வாங்கிகள் சில, வெப்பம் கூடும்போது மேற்பரப்புக்கு வந்து சேர்வதே குறைகிறது என்று ஆய்வுக்கூடக் கலங்களில் காட்டியிருக்கிறார்கள். உங்கள் வீட்டில் உங்களுக்கோ கணவருக்கோ சின்ன வயதில் வந்ததா என்று பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பல குடும்பங்களில் "ஆமாம், இவனுக்கும் வந்தது" என்று ஒரு பாட்டி சொல்வார்.

உயர்தரம்_உயிரியல்

என் தங்கச்சிக்கு 16 வயது. காலையில் எழும்பியவுடன் கை திடீரென்று வெட்டி தேத்தண்ணிக் கோப்பை பறந்துவிடுகிறது. அம்மா கவனமில்லை என்று திட்டுகிறார். சாதாரணதரப் பரீட்சைக்கு இரவு இரவாக விழித்திருக்கிறாள். இதுவும் இந்தக் கதையில் வருமா?

பதுளை அக்கா

நீங்கள் தங்கச்சியா தம்பியா தெரியவில்லை, ஆனால் உங்கள் தங்கச்சியைக் கட்டாயம் டொக்டரிடம் காட்டுங்கள், இந்த வாரமே. விடியற்காலை வெட்டு, தூக்கக் குறைவு, அந்த வயது மூன்றும் சேர்ந்தால் இளவயது மயோகுளோனிக் வலிப்பாக இருக்கலாம். கோப்பை பறந்ததை அப்படியே டொக்டரிடம் சொல்லுங்கள். பலர் அதை வலிப்பு என்று நினைக்காமல் சொல்லாமல் விடுகிறார்கள். காபமசெப்பின் போன்ற சில மருந்து இந்த வகையைக் கூட்டிவிடும், ஆகவே வகை தெரிவது முக்கியம். பெண்பிள்ளை என்பதால் வல்புரோவேற் என்ற மருந்தைப் பற்றிக் கட்டாயம் பேசிக்கொள்ளுங்கள், பின்னாளில் கர்ப்பத்தில் அது சிசுவுக்குக் கேடு. அம்மாவிடம் திட்ட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

தலவாக்கலைத் தம்பி

ஒரு வரி மட்டும். ஆல்பா1 துண்டு வளர வளரக் கூடும் என்று மேலே எழுதினேனே, அந்தத் துண்டின் மரபணுவில் பிழை இருந்த ஒரு குடும்பத்தில் இதே இளவயது மயோகுளோனிக் வலிப்பு இருந்ததை 2002இல் கண்டுபிடித்தார்கள். எல்லோருக்கும் அதுதான் காரணம் என்று இல்லை.

பதுளை அக்கா

பீலிக்கரைத் தம்பிக்கு இன்னொன்று, பயமுறுத்தச் சொல்லவில்லை. பிறக்கும்போது ஒட்சிசன் குறைந்த பிள்ளைகளை 3 மாதத்திலிருந்து ஒரு வயது வரை கூர்ந்து பார்க்க வேண்டும். தலையை முன்னால் தொங்கப்போட்டு, இரண்டு கையும் விரித்து, சலாம் போடுவது போலச் சின்ன வெட்டு, ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக வந்தால், அதிலும் தூங்கி எழும்பும் நேரத்தில் வந்தால், ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஓடுங்கள். வயிற்றுவலி என்று ஓமத்தண்ணி கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். 1841இல் வெஸ்ட் என்ற ஆங்கில வைத்தியர் இதை முதன்முதலில் எழுதினார், தன் சொந்த மகனுக்கு வந்ததைப் பார்த்து. அவரிடம் அன்று மருந்து இல்லை. இன்று இருக்கிறது, சீக்கிரம் தொடங்கினால் நல்லது.

பீலிக்கரை

எல்லோருக்கும் பதில் எழுத வேண்டும் என்று இருந்தேன், ஆஸ்பத்திரி அலைச்சல். இரண்டாவது மருந்து சேர்த்த பின் ஈஈஜியில் வலிப்பு நின்றது. பத்து நாள் வைத்திருந்து, துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டார்கள். ஃபீனோபார்பிட்டோனையும் வீட்டுக்கு அனுப்பும் முன்பே நிறுத்திவிட்டார்கள். இந்த வயது வலிப்பு அடங்கிய பின் மருந்தை நீட்டிக்கத் தேவையில்லை என்று டொக்டர் விளக்கினார். பால் குடிக்கிறான். இடது கை கொஞ்சம் இறுக்கம், அதற்குப் பயிற்சி சொல்லித் தந்திருக்கிறார்கள். அடுத்த கிளினிக் மூன்றாம் மாதம்.

தலவாக்கலைத் தம்பி எழுதியதைத் தங்கச்சிக்கு நேற்று இரவு வாசித்துக் காட்டினேன். பம்பு, குளோரைட்டு எல்லாம் விளங்கவில்லை என்றாள். ஆனால் தாங்கிக் கதை வந்ததும் "அப்ப நான் பீலிக்குப் போனதால இல்லையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். மச்சானின் அம்மா அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வந்து பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, "சலாம் போடுற மாதிரின்னா எப்படி, ஒருக்கா செஞ்சு காட்டு" என்றார். நான் தலையைக் குனிந்து கையை விரித்துக் காட்டினேன். திரும்பவும் காட்டச் சொன்னார்.